ஏடிஹெச்டிக்கு மருத்துவக் காப்பீடு உண்டா? பாலிசியை முதன்முறையாக வாசிப்பவர்களுக்கு

ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு, மருத்துவக் காப்பீட்டில் அடங்குமா? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். பாலிசி விற்கும் ஏஜென்ட், "கவர் ஆகும் சார், சட்டமே இருக்கு" என்பார். டாக்டர் ஃபீஸுக்கும் மாத்திரைக்கும் க்ளெய்ம் போட்டுப் பார்த்தவர், "ஒரு ரூபாய்கூட வராது" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஏஜென்ட் சட்டத்தைப் பற்றிச் சொல்கிறார், மற்றவர் தன் பில்லைப் பற்றிச் சொல்கிறார்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி புரிந்துவிட்டால் பாலிசியில் எதைப் பார்க்க வேண்டும், எதற்காகக் கூடுதல் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான். காப்பீட்டு வார்த்தைகள் எதுவும் தெரியாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். குழந்தைக்குப் புதிதாக ஏடிஹெச்டி என்று கண்டறியப்பட்ட பெற்றோரும், முப்பது வயதுக்கு மேல் "எனக்கும் இதுதானோ" என்று யோசிக்கத் தொடங்கியிருக்கும் பெரியவர்களும் வாசித்துப் பயன்படுத்த முடிய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறீர்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கட்டளையிடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ அமைப்பு இதைப் பின்பற்றச் சொல்லி நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அப்படியும் பல பாலிசிகளில் மனநோய்க்கு இடமில்லை என்ற வரி அப்படியே இருந்தது. 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சட்டம் வந்த நாள் முதலே நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை என்று தெளிவாகச் சொன்னது. 2022 அக்டோபரில் ஐஆர்டிஏஐ மறுபடியும் சுற்றறிக்கை விட்டு, அந்த மாதம் 31ஆம் தேதிக்குள் எல்லா மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களும் மனநோயை உள்ளடக்க வேண்டும் என்று கெடு வைத்தது.

சரி, ஏடிஹெச்டி மனநோயா? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறை கடுமையானது. சிந்தனை, மனநிலை, நினைவாற்றல் போன்றவற்றில் ஏற்படும் கணிசமான பாதிப்பு, அது ஒருவரின் தீர்மானிக்கும் திறனையும் அன்றாட வாழ்க்கையையும் பெரிதாகக் குலைக்க வேண்டும் என்கிற மாதிரி அது போகும். ஏடிஹெச்டி உள்ள பலர் பள்ளிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே ஒரு நிறுவனம், "இது மனநோயே அல்ல, வளர்ச்சி சார்ந்த குறைபாடு" என்று வாதாட வழி இருக்கிறது.

அந்த வாதத்துக்கு நேரடியான பதில் வேறொரு இடத்தில் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில், பாலிசிகளில் எதையெல்லாம் விலக்கலாம், எதையெல்லாம் விலக்கக் கூடாது என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. விலக்கக் கூடாதவற்றின் பட்டியலில் மனநோய், மன அழுத்தம், உளவியல் கோளாறுகள் ஒரு வரியில் வருகின்றன. நடத்தை சார்ந்த குறைபாடுகளும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளும் தனியாக இன்னொரு தலைப்பில் வருகின்றன. திக்குவாய், டிஸ்லெக்சியா போன்றவற்றை அந்தத் தலைப்பின் கீழ் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஏடிஹெச்டி நரம்பு வளர்ச்சிக் குறைபாடுதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடும் அதை அந்த இடத்தில்தான் வைத்திருக்கிறது, 6ஏ05 என்ற குறியீட்டுடன். பழைய ஐசிடி-10 வகைப்பாட்டில் அதன் குறியீடு எஃப்90. ஆக, மனநோய் என்று எடுத்தாலும் சரி, நரம்பு வளர்ச்சிக் குறைபாடு என்று எடுத்தாலும் சரி, அந்தப் பெயரைக் காட்டி மட்டும் ஒரு நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியாது.

பிறகு ஏன் பணம் வருவதில்லை

ஏனென்றால் இந்தியாவில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடு, ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான காப்பீடு. குறைந்தது 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும். கண்புரை அறுவை, டயாலிசிஸ் மாதிரியான சில சிகிச்சைகளுக்கு மட்டும் பகல்நேரச் சிகிச்சை என்ற விதிவிலக்கு உண்டு. சட்டத்தில் வரும் 'அதே அடிப்படையில்' என்ற சொற்றொடரை இங்கே பொருத்திப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குச் சாதாரண பாலிசி பணம் தருவதில்லை. ஆகவே ஏடிஹெச்டி மாத்திரைக்கும் தருவதில்லை. சட்டப்படி இதில் பாரபட்சம் இல்லை.

சர்க்கரை நோயாளிக்கும் ஏடிஹெச்டி உள்ளவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முன்னவர் என்றாவது ஒருநாள் அந்த நோய்க்காகவே ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கலாம். ஏடிஹெச்டிக்காக மட்டும் யாரையும் வார்டில் சேர்ப்பது மிக மிக அரிது. கண்டறிவது, மருந்தின் அளவைச் சரிபார்ப்பது, நடத்தைப் பயிற்சி, பெற்றோருக்கான பயிற்சி எல்லாமே மருத்துவரின் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து நடப்பவை. காப்பீட்டு மொழியில் அதற்குப் பெயர் ஓபிடி, வெளிநோயாளர் சிகிச்சை. அதனால் ஏடிஹெச்டிக்காகப் பாலிசி பார்ப்பவர்கள் முதலில் தேட வேண்டியது ஓபிடி என்ற மூன்று எழுத்து. மனநோய் கவர் ஆகும் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய, பிந்தைய செலவுகளையும் தருவோம் என்று பாலிசியில் இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். முன்னே 30 அல்லது 60 நாள், பின்னே 60 அல்லது 90 நாள் என்று இருக்கும். ஆனால் அது எந்த நோய்க்காகச் சேர்ந்தீர்களோ அதே நோய்க்கான செலவு மட்டும்தான். சேர்க்கையே இல்லாதபோது இந்த வசதிக்கும் வேலை இல்லை.

அப்படியானால் பரிசோதனைக்காக ஒருநாள் சேர்ந்துவிடலாமே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லா நிறுவனங்களின் பாலிசியிலும் ஒரே வாசகத்தில் வரும் பொது விலக்குகளில் எக்ஸ்க்ளூஷன் 04 என்று ஒன்று உண்டு. முக்கியமாகப் பரிசோதனைக்காகவோ மதிப்பீட்டுக்காகவோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடையாது என்பதுதான் அது. க்ளெய்ம் போகும், கூடவே உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போகும்.

கண்டறியும் கட்டத்தில் வரும் செலவு

ஏடிஹெச்டியை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மருத்துவர் விரிவாகப் பேசுவார், பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய கேள்வித்தாள்களைப் பார்ப்பார், அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா என்று கேட்பார், வீட்டில் மட்டுமா, பள்ளியிலும் உண்டா என்று பார்ப்பார். மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 அளவுகோலின்படி கவனக்குறைவுக்கு ஒன்பது, மிகை இயக்கத்துக்கு ஒன்பது என்று அறிகுறிகள் உண்டு. இரண்டில் ஏதேனும் ஒன்றில் குழந்தைகளுக்கு ஆறு, 17 வயது ஆனவர்களுக்கு ஐந்து இருக்க வேண்டும். தேவைப்பட்டால் நுண்ணறிவுச் சோதனையும் கற்றல் குறைபாட்டுக்கான சோதனையும் சேரும். மொத்தத்தில் இரண்டு மூன்று அமர்வுகள் ஆகும். தனியார் இடங்களில் செலவில் பெரும்பகுதி இந்தச் சோதனைகளுக்குத்தான் போகும்.

இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இந்தச் சோதனைகளைச் செய்பவர் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவருக்குப் பதிவு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், ஆர்சிஐயில். காப்பீட்டு விதிகளில் 'மெடிக்கல் பிராக்டிஷனர்' என்றால் மருத்துவ கவுன்சிலிலோ ஆயுஷ் கவுன்சில்களிலோ பதிவு பெற்றவர் மட்டுமே. ஆகவே ஓபிடி வசதி உள்ள பாலிசியிலும்கூட, மருத்துவர் ஆலோசனைக் கட்டணம் தரப்படும் என்று மட்டும் எழுதியிருந்தால் உளவியலாளரின் பில் திரும்பி வந்துவிடலாம். பாலிசி வாசகத்தில் உளவியல் ஆலோசனை, சைக்கோதெரபி, பரிசோதனைகள் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, முதலில் மனநல மருத்துவரையோ குழந்தை வளர்ச்சி மருத்துவரையோ பார்த்து, இன்ன சோதனை தேவை என்று அவர் கைப்பட எழுதி வாங்கிக்கொண்டு பிறகு உளவியலாளரிடம் போனால் க்ளெய்முக்கு வலு கூடும். மருத்துவரீதியாகவும் அதுதான் நல்ல வரிசை.

ரிப்போர்ட்டில் உளவியலாளரின் ஆர்சிஐ பதிவு எண், பயன்படுத்திய சோதனைகளின் பெயர், நாள், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். பின்னால் பள்ளித் தேர்வுச் சலுகைக்கோ வேறு மருத்துவரிடம் மாறும்போதோ இதே ரிப்போர்ட்தான் கேட்பார்கள். ஆகவே காப்பீடு இல்லாதவர்களும் இதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

மருந்து: சட்டமும் கையில் இருக்கும் சீட்டும்

இந்தியாவில் ஏடிஹெச்டிக்கு முதன்மையாகக் கிடைக்கும் மருந்துகள் இரண்டு. மெத்தில்ஃபெனிடேட் ஒன்று, அடமாக்செட்டின் மற்றொன்று. அமெரிக்கப் படங்களிலும் பேச்சிலும் அடிபடும் அடரால் இங்கே விற்பனையில் இல்லை. அங்கிருந்து திரும்பி வரும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருவது நல்லது. கையிருப்பு தீர்ந்த பிறகு மாற்று மருந்தைத் தேடுவது பெரிய அவதி.

அடமாக்செட்டின் சாதாரண மருந்துச்சீட்டில் வாங்கக்கூடியது. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். மெத்தில்ஃபெனிடேட் வேகமாக வேலை செய்யும். ஆனால் அது மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது, போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம் என்றால், மருத்துவர் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும். மெடிக்கல் ஷாப்காரர் ஒரு பிரதியை வாங்கி இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்தைப் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். இதற்கென்று தனி உரிமமும் வேண்டும். அதனால்தான் தெருமுனைக் கடைகளில் இது கிடைப்பதில்லை. பெரும்பாலும் மனநல மருத்துவமனையை ஒட்டிய மருந்தகங்களிலோ பெரிய ஆஸ்பத்திரி மருந்தகங்களிலோதான் இருக்கும். கடைக்காரர் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பதாகத் தோன்றினால் மனம் நோக வேண்டாம். அவர் சட்டப்படி நடக்கிறார், நீங்களும் சட்டப்படி வாங்குகிறீர்கள்.

காப்பீட்டுக்கு இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, கடையில் ஒரு பிரதி போய்விடுவதால், சீட்டு கையில் கிடைத்த உடனே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர், மருந்தின் வேதிப் பெயர், அளவு, எத்தனை நாளுக்கு, மருத்துவரின் பதிவு எண், கையெழுத்து எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். பில்லில் இருக்கும் மருந்தும் நோயாளியின் பெயரும் சீட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். குழந்தைக்கான மருந்தை அப்பா பெயரில் பில் போட்டுவிட்டால் க்ளெய்ம் அங்கேயே நின்றுவிடும்.

மற்றொன்று, பல ஓபிடி திட்டங்கள் வீடியோ காலில் மருத்துவரைப் பார்க்கும் வசதியைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், எக்ஸ் அட்டவணை மருந்துகளை வீடியோ கால் வழியாக எழுதித் தரவே கூடாது என்கிறது. உங்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் தேவையென்றால் நேரில்தான் போக வேண்டும். ஆகவே 'அளவில்லாத டெலி கன்சல்டேஷன்' என்ற வரிக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். நேரில் போய்ப் பார்ப்பதற்கான கட்டணம் உண்டா, நீங்கள் போகும் மருத்துவர் அவர்களின் நெட்வொர்க்கில் இருக்கிறாரா, இல்லாவிட்டால் பணம் கட்டி பிறகு திரும்பப் பெற முடியுமா என்று கேளுங்கள்.

ஓபிடி ரைடர்: கட்டுப்படியாகுமா

ரைடர் என்பது அடிப்படைப் பாலிசியோடு கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் வசதி. இது லாபமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். எண்கள் என் கற்பனை, கணக்குப் புரிவதற்காக மட்டும். மாதம் ஒருமுறை மருத்துவருக்கு 800 ரூபாய், மருந்துக்கு 1,500 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 27,600 ரூபாய் ஆகிறது. ரைடரின் உச்சவரம்பு 10,000 ரூபாய், அதற்கான கூடுதல் பிரீமியம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு வரம்பையும் க்ளெய்ம் செய்து வாங்கினாலும் கையில் நிற்பது 4,000 ரூபாய். மருந்துக்குத் தனி உள்வரம்பு, ஒருமுறைக்கு இவ்வளவுதான் என்ற கட்டுப்பாடு, காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகும் க்ளெய்ம் கேட்க முடியாத ஆரம்பக் காலம்) எல்லாம் சேர்ந்தால் அதுவும் குறையும். என் கருத்து இதுதான்: தனிநபர் பாலிசியில் ஏடிஹெச்டிக்காக மட்டும் ஓபிடி ரைடர் எடுப்பது பல குடும்பங்களுக்கு ஆதாயமாக இருக்காது. வீட்டில் இன்னும் இரண்டு பேர் வழக்கமாக மருத்துவரைப் பார்ப்பவர்கள் என்றால் கணக்கு மாறும். பிரீமியத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி, தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது.

வேலை பார்க்கும் நிறுவனம் தரும் குழுக் காப்பீடு வேறு கதை. ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இருக்காது. சில நிறுவனங்கள் ஓபிடியையும் மனநல ஆலோசனை அமர்வுகளையும் சேர்த்தே வாங்கியிருப்பார்கள். ஆனால் ஊழியர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது. ஹெச்ஆரிடம் கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "நம்ம பாலிசியோட முழு வாசகம் வேணும், ஓபிடி இருக்கா, எவ்வளவு வரை?" என்று கேட்டால் போதும்.

வேலையை விடும்போது அந்தக் குழுக் காப்பீடு நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. அப்படி மாறினால் ஏற்கனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

மறைக்கலாமா?

இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்பவர்கள் குறைவு. மனதுக்குள் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புபவர்கள் நிறைய. "பையனுக்கு ஏடிஹெச்டின்னு போட்டா பாலிசியே தர மாட்டாங்க, விட்டுடுவோம்" என்று பெற்றோர் நினைப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இருந்தாலும் மறைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏற்கனவே இருந்த நோய் என்றால், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்தது, அல்லது அதற்காக ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றது. அதைச் சொல்லிவிட்டு பாலிசி எடுத்தால், 2024 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி அதிகபட்சம் 36 மாதம் காத்திருந்தால் அந்த நோய்க்கும் பாதுகாப்பு வந்துவிடும். முன்பு இது 48 மாதமாக இருந்தது. அந்தக் காத்திருப்பும் ஏடிஹெச்டி சம்பந்தமான சிகிச்சைக்கு மட்டும்தான். டெங்குவுக்கும் குடல்வால் அறுவைக்கும் கை முறிவுக்கும் அது பொருந்தாது.

மறைத்தால் என்ன ஆகும்? குழந்தை வேறு ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது நர்ஸ், "தொடர்ந்து எடுக்கிற மருந்து ஏதாவது உண்டா?" என்று கேட்பார். நீங்கள் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். மெத்தில்ஃபெனிடேட், இரண்டு ஆண்டுகளாக, என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும். அந்தக் கேஸ் ஷீட்தான் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகும். பாலிசி தேதியையும் மருந்து தொடங்கிய தேதியையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும். அதன்பின் அவர்கள் ஏடிஹெச்டியைப் பற்றிப் பேச மாட்டார்கள், முக்கியத் தகவலை மறைத்தீர்கள் என்று பேசுவார்கள். ஒரு க்ளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகும் அபாயம் உண்டு. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு மறைத்தல் என்ற காரணம் காட்டி மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. ஆனால் அந்த ஐந்தாண்டும் பயந்துகொண்டே கழிக்க வேண்டும்.

இன்னும் மருத்துவரிடமே போகாத குடும்பங்களுக்கு ஒரு யோசனை. குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே குடும்ப பாலிசியில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஐந்தாறு வயதில் ஏடிஹெச்டி என்று தெரிய வரும்போது அது பாலிசிக்குப் பிறகு வந்த கண்டறிதலாக இருக்கும், முன்பே இருந்த நோய் என்ற பேச்சே எழாது.

அரசு வழிகள்

தனியார் பாலிசியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதைச் சுருக்கமாகச் சொல்வது நியாயமில்லைதான். ஆனால் விஷயம் எளிது என்பதால் குறைந்த சொற்களே போதும்.

முதலில் ஈஎஸ்ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, ஈஎஸ்ஐ பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வெளிநோயாளர் சிகிச்சையும் மருந்தும் உண்டு. சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான். ஓபிடி விஷயத்தில் பல தனியார் பாலிசிகளைவிட இது மேலானது. பக்கத்து ஈஎஸ்ஐ மருந்தகத்தில் சொல்லி, மனநலப் பிரிவுள்ள ஈஎஸ்ஐ மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் திட்டத்திலும் வெளிநோயாளர் சிகிச்சை உண்டு.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து செயல்படுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. அந்த அட்டையைக் கொண்டுபோய் ஏடிஹெச்டி மாத்திரை வாங்க முடியாது.

அட்டையே தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற தேசியச் சிறார் நலத் திட்டம், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை 30 வகை உடல்நலக் குறைபாடுகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தருவதற்கானது. அந்த 30இல் ஏடிஹெச்டியும் ஒன்று. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு சந்தேகப்பட்டால், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அதன் ஆங்கிலச் சுருக்கமான டெய்க் என்ற பெயரைச் சொன்னால் பெரிய அரசு மருத்துவமனையில் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், உளவியலாளர், பயிற்சியாளர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதே அந்த மையத்தின் ஏற்பாடு. பெரியவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் உண்டு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் டெலி மானஸ் எண் 14416க்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனாலும் தனியாரில் முதல்கட்டச் சோதனைக்கே பணம் புரட்ட முடியாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போடும் குடும்பங்கள், தயவுசெய்து இந்தக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். குழந்தைக்குப் பள்ளி ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

க்ளெய்மை மறுத்துவிட்டால்

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட்டு. போனில் சொன்னது கணக்கில் வராது. ஓபிடி உங்கள் பாலிசியில் இல்லை, சோதனைக்காக மட்டும் சேர்ந்தீர்கள், காத்திருப்புக் காலம் முடியவில்லை என்றெல்லாம் காரணம் வந்தால், அந்த மறுப்பு பெரும்பாலும் செல்லுபடியாகும். சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். மனநோய்க்கு இடமில்லை, நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டுக்கு இடமில்லை, உளவியல் சம்பந்தப்பட்டதற்குத் தர மாட்டோம் என்று வந்தால் விடாதீர்கள். 2024இல் வந்த விதிகளின்படி நிறுவனத்தின் உரிமைகோரல் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது. அந்த ஒப்புதல் பெறப்பட்டதா என்றும் கடிதத்திலேயே கேட்கலாம்.

முதல் புகார் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவையும், விலக்குகள் பற்றிய ஐஆர்டிஏஐயின் 2019 வழிகாட்டுதலையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இரண்டு வரி போதும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். இவர் காப்பீட்டுத் தகராறுகளுக்கான குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளைக் கேட்பார். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் அதை நிறைவேற்றாவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வீதம் புகார் கொடுத்தவருக்கு நிறுவனம் தர வேண்டும்.